கேட்டை நட்சத்திரத்துக்கு ஒரு ஹெட்போன்

பிரிக்பீல்ட்ஸில், வாழை இலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் மேல்மாடியில் நாதசித்தர் எழுந்தருளி எட்டு மாதம் ஆகிறது. எழுந்தருளினார் என்றால் மேல்மாடியை வாடகைக்கு எடுத்தார் என்று பொருள். அன்றிலிருந்து அந்தப் படிக்கட்டில் கூட்டம் குறைந்ததில்லை. சாப்பிட வந்தவர்கள் வரிசையைப் பார்த்ததும் தாங்களும் நின்று எண் சீட்டு வாங்கிக்கொண்டார்கள். சீட்டுக்கு வந்தவர்கள் கால் வலித்துக் கீழே இறங்கி இலை போட்டு உட்கார்ந்தார்கள். கடை முதலாளிக்கு நாதசித்தர் மீது பக்தி பெருகியதில் வியப்பில்லை.

சித்தர் விபூதி கொடுப்பதில்லை. தாயத்து கட்டுவதில்லை. அதெல்லாம் பழைய காலம். இவர் ஹெட்போன் விற்றார்.

அவருடைய தத்துவம் எளியது. கடையில் வாங்கும் ஹெட்போன் தூங்கிக்கொண்டிருக்கிறது. தூங்கும் ஹெட்போனில் வயலினும் புல்லாங்குழலும் மிருதங்கமும் ஒன்றாய்க் குழைந்து சாம்பார் சாதமாகத்தான் கேட்கும். அதை உங்கள் ஜென்ம நட்சத்திரத்துக்கு எழுப்ப வேண்டும். எழுப்பிவிட்டால் வயலின் ஒரு பக்கம், குழல் ஒரு பக்கம், மிருதங்கம் நெஞ்சுக்கு நேரே. அசுவினி முதல் ரேவதி வரை இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் இருபத்தேழு விதமான எழுப்புதல். ஹெட்போன் மட்டும் ஒரே விதம். கறுப்பு.

அம்பாங்கிலிருந்து வந்த ஓர் அம்மாள், உத்திரட்டாதி ஹெட்போன் போட்ட பிறகு மருமகள் பேசுவதே காதில் விழவில்லை என்று கண்ணீர் மல்கச் சாட்சி சொன்னார். டெங்கிலிலிருந்து வந்த பெரியவர், காதில் இருந்த இரைச்சல் போய்விட்டது என்றார். தோட்டத்தில் புல் வெட்டும் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். வேலையை விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. கேட்டால் அற்புதம் கெட்டுவிடும் அல்லவா.

இந்தச் சித்தரால் கிள்ளானில் ஒருவனுக்கு வேலை போயிற்று. சம்பளமில்லாத வேலை. ஆனால் அவனுக்கு வேறு எதுவும் அவ்வளவு பெரிதில்லை.

தனேஷுக்கு வயது இருபத்திரண்டு. பன்னிரண்டு வயதிலிருந்து சிங்கநாதம் உறுமி மேளக் குழுவில் உறுமி வாசிக்கிறான். வளைந்த குச்சியால் ஒரு பக்கத் தோலைத் தேய்த்து அவன் உறுமவிட்டால், சாலையோரம் நிறுத்தி வைத்த கார்களின் அலாரம் அடிக்கும் என்பது குழுவின் பெருமை. குழுத் தலைவர் பரமேஸ்வரன். லோரி ஓட்டுநர், குழுவின் ஒரே தவில்காரர், எல்லோருக்கும் அண்ணன். அடுத்த சனிக்கிழமை கிள்ளானில் போட்டி. போன வருடம் இரண்டாம் இடம். இந்த வருடம் மூன்றாவது சுற்று வந்தாலே தாளம் நொண்டியது. யாரோ பின்தங்குகிறார்கள். யாரென்று தெரியவில்லை.

பரமேஸ்வரன் ஒத்திகையைக் கைப்பேசியில் பதிவு செய்தார். அதைக் குழுவோடு உட்கார்ந்து கேட்டிருக்கலாம். அவர் பிரிக்பீல்ட்ஸுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் ஒத்திகைக்கு வந்தவர் தனேஷைத் தனியே கூப்பிட்டார்.

"தனேஷ், இந்தத் தடவ நீ உறுமி எடுக்காதடா. கொடி புடிச்சிக்க."

"ஏண்ணே?"

"சாமி கேட்டுப் பாத்துட்டாரு. கண்ண மூடிக்கிட்டு முழுசா கேட்டாரு. உங்க கூட்டத்துல ஒரு கேட்டை இருக்கு, அதுதான் தாளத்தப் புடிச்சி இழுக்குதுன்னாரு. நான் பேரே சொல்லலடா. அவராவே கண்டுபுடிச்சாரு."

"எல்லாரு நட்சத்திரமும் எழுதிக் குடுத்தீங்களாண்ணே?"

"குடுத்தேன்லா. அர்ச்சனைக்கு வேணும்ல."

பட்டியலில் பதினோரு பேர். ஒரே ஒரு கேட்டை. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சித்தர் கண்ணை மூடிக் கண்டுபிடித்தார்.

"கேட்டை மூத்தவனுக்கு ஆகாதுன்னு அந்தக் காலத்துலேயே சொல்லி வெச்சிருக்காங்க" என்றார் பரமேஸ்வரன், தவிலைத் தடவிக்கொண்டே. "நான்தானே இங்க மூத்தவன். உன் மேல எனக்குக் கோவம் இல்லடா. உன் நட்சத்திரம் அப்படி. என்ன பண்றது."

தனேஷ் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. பிறந்ததிலிருந்து அவன் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் கேட்டை, பேருந்து போய்விட்டாலும் கேட்டை. இருபத்திரண்டு வருடம் கேட்டு வளர்ந்தவனுக்கு, தாளம் நொண்டுவதற்கும் தான்தான் காரணம் என்பது நியாயமாகவே பட்டது. பரிகாரம் இருக்கும் என்று நினைத்தான். மறுநாளே பிரிக்பீல்ட்ஸுக்குப் போனான்.

அவனுடைய எண் நாற்பத்தொன்று. நாற்பது, சிவசம்பு என்ற பெரியவர். நிதித்துறையில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு கோப்பு. சட்டைப் பையில் மூன்று பேனா. எட்டு மாதத்தில் அந்தப் படிக்கட்டில் ரசீது கேட்ட முதல் மனிதர்.

"ரசீது இல்லையோ?" என்று சீட்டு கொடுக்கும் பெண்ணிடம் கேட்டார்.

"அருளுக்கு ரசீது கிடையாது, அங்கிள்."

"அருளுக்கு வேண்டாம், பிள்ளை. காசுக்குத்தான் கேட்டேன்."

சித்தர் காவிச் சட்டையும் ஓடுவதற்குப் போடும் காலணியுமாக வீற்றிருந்தார். கழுத்தில் உருத்திராட்சம். கையில் ஒரு டேப்லெட். அதன் முகம் எப்போதும் அவர் பக்கமே திரும்பியிருந்தது. தனேஷின் நட்சத்திரத்தைக் கேட்டதும் ஒரு பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சுக்கு மட்டும் தனியாக நூறு வெள்ளி வாங்கலாம். அவ்வளவு நன்றாக இருந்தது.

"கேட்டை. கடினம். ஆனால் முடியும். முதலில் தூங்குகிற ஹெட்போனைக் கேள்."

தனேஷின் காதில் கறுப்பு ஹெட்போனை மாட்டினார். மேளம் ஒன்று ஒலித்தது. சுவருக்கு அப்பால் யாரோ வாசிப்பதுபோல் மந்தம். சித்தர் ஹெட்போனைக் கழற்றிச் செம்புக் குடத்துக்குள் இறக்கினார். சாம்பிராணி போட்டார். இடக்கையால் மணி அடித்தார். புகைக்குள்ளே அவருடைய வலக்கை விரல் ஒன்று டேப்லெட்டைத் தொட்டது. தனேஷ் அதை முத்திரை என்று நினைத்துக் கும்பிட்டான்.

"இப்போது கேள்."

அதே மேளம். அடி ஒவ்வொன்றும் நெஞ்சில் விழுந்தது. உறுமி தனியாக, பம்பை தனியாக. தனேஷுக்குக் கண் கலங்கியது.

"விலை நானூற்று எண்பது வெள்ளி" என்றார் சித்தர். "ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், பூஜை அறையில் கிழக்கு பார்த்து வைக்க வேண்டும். அதுவரை காதில் போடக்கூடாது. வேறு நட்சத்திரக்காரர் தொடக்கூடாது. அப்புறம் தாளம் உனக்கு அடிமை."

"சாமி, போட்டி அடுத்த வாரம்."

"அப்படியானால் அடுத்த வருடப் போட்டி" என்றார் சித்தர். காலத்தை வென்றவருக்கு ஒரு வருடம் என்ன கணக்கு.

தனேஷ் பணம் கட்டி வாங்கிய ஹெட்போனைத் தோழிக்குக் காட்ட நேரே சுபாங் ஜெயாவுக்குப் போனான். அங்கே ஒரு பேரங்காடியின் மூன்றாவது மாடியில் சிந்துஜா ஹெட்போன் கடை பார்த்துக்கொள்கிறாள். கல்லூரியில் அவனோடு படித்தவள். ஒரு நாளைக்கு அறுபது பேர் வந்து "இது நல்லா இருக்குமா" என்று கேட்பதால், முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருக்கப் பழகிவிட்டவள்.

கதை முழுவதையும் கேட்டாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். அதே கறுப்பு. அதே வளைவு. பெட்டியில் விலை எண்பத்தொன்பது வெள்ளி.

தனேஷ் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஆனா இது தூங்குது" என்றான் கடைசியில்.

"சரி. எழுப்பலாம். கண்ண மூடு."

ஒரு பாட்டைப் போட்டாள். அரை நிமிடம் கழித்து நிறுத்தினாள். மறுபடி போட்டாள்.

"எது நல்லாருக்கு?"

"ரெண்டாவது. செம வித்தியாசம். இது சாமியோடதா?"

"ரெண்டும் இந்தக் கடையோடதுதான்டா. ஒரே ஹெட்போன். ரெண்டாவது தடவ சத்தத்த ரெண்டு படி ஏத்துனேன். நான் சாம்பிராணி போடல. ஏர்கோன் ரூம், புகை வந்தா அலாரம் அடிக்கும்."

தனேஷ் கண்ணைத் திறந்தான். சிந்துஜா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இங்க வர்ற எல்லாரும் இப்படித்தான்லா. சத்தம் கூட இருந்தா நல்ல ஹெட்போன்னு எடுத்துட்டுப் போயிடுவாங்க. அப்படி வாங்கக்கூடாது. ரெண்டையும் ஒரே சத்தத்துல வெக்கணும். உனக்கு மனப்பாடமான பாட்டப் போடணும். எந்த ஹெட்போன்னு தெரியாம கேக்கணும். ஒரு வாத்தியத்த மட்டும் புடிச்சிக்கிட்டு, அது பாட்டு முடியற வரைக்கும் தொலையாம வருதான்னு பாக்கணும். பேஸ், அதான் அந்தக் கனத்த அடி, வந்து அடிச்சிட்டுப் போகணும், சொந்தக்காரங்க மாதிரி வந்து உக்காந்துடக்கூடாது. காத நல்லா மூடணும், இல்லன்னா இருக்குற பேஸும் ஒழுகிடும். அவ்ளோதான். எண்பத்தொன்பது வெள்ளிக்கு இது நல்ல மாடல்தான். உங்க சாமி சாமான் தெரிஞ்சிதான் வாங்கிருக்காரு."

"அப்ப என் நட்சத்திரம்?"

"அத எங்க சொருகறது? இதுல ஒரே ஒரு ஓட்டைதான் இருக்கு, அது சார்ஜருக்கு."

ஞாயிற்றுக்கிழமை சித்தரின் பொது தரிசனம். அறை நிறைந்து படிக்கட்டு வரை ஆட்கள். நான்கு நாளாகியும் தன் நட்சத்திரத்துக்குச் சரக்கு வரவில்லை என்று சிவசம்பு கோப்போடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சிந்துஜா நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு தாம்பாளம். அதில் மூன்று கறுப்பு ஹெட்போன்கள். பின்னால் தனேஷ், தோள்பையை இறுக்கிப் பிடித்தபடி.

"சாமி, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றாள், குரலில் நடுக்கத்தோடு. நடுக்கத்தைப் பேருந்திலேயே ஒத்திகை பார்த்திருந்தாள். "இவரு கேட்டை ஹெட்போன, என் தங்கச்சி வேற ரெண்டோட கலந்துட்டா. மூணும் ஒரே மாதிரி இருக்கு. எது நீங்க எழுப்புனதுன்னு தெரியல. தப்பானதப் பூஜையில வெச்சிட்டா என்ன ஆகும்?"

கூட்டம் உச்சுக் கொட்டியது. தப்பானதைப் பூஜையில் வைத்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொருவரும் தத்தம் கற்பனைக்கு ஏற்றபடி நடுங்கினார்கள்.

சித்தர் புன்னகைத்தார். அவருக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல.

"குழந்தை எங்கே இருந்தாலும் தாய்க்குத் தெரியும்" என்றார். மூன்றின் மேலும் உள்ளங்கையை ஓட்டினார். ஒன்றைக் காதருகே வைத்து ஒதுக்கினார். இன்னொன்றை முகர்ந்தார். மூன்றாவதைத் தொட்டதும் உடம்பு ஒரு முறை குலுங்கியது. "இதுதான். கேட்டை துடிக்கிறது."

"உறுதியா சாமி? போட்டிக்குப் போற பையன்."

"நான் எழுப்பியது எனக்குத் தெரியாதா? நூறு விழுக்காடு."

"மத்த ரெண்டும்?"

"பிணம்."

சிந்துஜா தலையாட்டிவிட்டு, சித்தர் தேர்ந்தெடுத்த ஹெட்போனின் காது மெத்தையைத் திருகிக் கழற்றினாள். உள்ளே ஒரு துண்டுச்சீட்டு. அதை சிவசம்புவிடம் நீட்டினாள். எழுத்தில் எது வந்தாலும் படித்துவிடும் மனிதர் அவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"'இன்று காலை ஒன்பது நாற்பதுக்குக் கடையில் பெட்டி பிரித்தது. எந்தச் சாமியும் தொடவில்லை.' கையெழுத்து இருக்கு. தேதியும் இருக்கு."

சிந்துஜா மற்ற இரண்டின் மெத்தையையும் கழற்றினாள். அதே சீட்டு. அதே கையெழுத்து. மூன்றும் கடையிலிருந்து அன்று காலை வந்தவை. தனேஷ் தோள்பையைத் திறந்து நான்காவது ஹெட்போனை எடுத்து மேலே தூக்கிக் காட்டினான்.

"சாமி எழுப்புனது இங்க இருக்கு. பைக்குள்ளதான் இருந்துச்சு. துடிக்கல."

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் தனியாக, தெளிவாக.

"சந்தேகப் பேர்வழிகள் இருக்கும் இடத்தில் நாதம் ஒளிந்துகொள்ளும்" என்றார் சித்தர், செந்தமிழைக் கைவிடாமல்.

"ஒளிஞ்சிக்கட்டும். பிணத்துல எப்படித் துடிச்சிச்சு?" என்றாள் சிந்துஜா.

சித்தர் அவசரமாக எழுந்ததில், மடியிலிருந்த டேப்லெட் நழுவிக் கம்பளத்தில் விழுந்தது. சிவசம்பு குனிந்து எடுத்தார். முப்பத்திரண்டு வருடம் பிறர் கோப்புகளைப் புரட்டிய கை சும்மா இருக்குமா.

"இதில ரெண்டு பதிவுதான் இருக்கு. ஒன்றுக்குப் பேர் 'முன்'. மற்றதுக்குப் பேர் 'பின்'."

இரண்டையும் ஒவ்வொன்றாகத் தட்டினார். முதலில் ஒரு மேளம், சுவருக்கு அப்பால் வாசிப்பதுபோல. பிறகு அதே மேளம், அடி நெஞ்சில் விழும்படி. குடம் தொலைவில் இருந்தது. மணி சும்மா கிடந்தது. சாம்பிராணி அணைந்து வெகு நேரமாகியிருந்தது.

"பாஸ், அப்ப என் காசு?" என்றது ஒரு குரல். அடுத்து பத்து. சித்தர் ஓடுவதற்கான காலணி எதற்காகப் போட்டிருந்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. ஆனால் படிக்கட்டை அவருடைய பக்தர்களே அடைத்து நின்றார்கள். தன் கூட்டத்திலேயே மாட்டிக்கொண்ட முதல் சித்தர் அவராகத்தான் இருக்கும். கடைசியில் சிவசம்பு கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி, வரிசையாகப் பெயரும் தொகையும் எழுதிச் சித்தரிடம் கையெழுத்துக் கேட்டார். பழக்கத்தில் 'நாதசித்தர்' என்று ஆரம்பித்தவரை நிறுத்தி, அடையாள அட்டையில் உள்ளபடி எழுதச் சொன்னார். பக்கிரிசாமி என்று எழுதினார்.

அம்பாங் அம்மாள் மட்டும் சிந்துஜாவின் முழங்கையைத் தொட்டாள்.

"நீ நல்லா கண்டுபுடிக்கிறம்மா. உனக்கு எந்தச் சாமி அருள்? பேத்திக்கு ஒரு பரீட்சை இருக்கு, கொஞ்சம் பாத்துச் சொல்றியா?"

சிந்துஜா நெற்றி விபூதியை அங்கேயே துடைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஒத்திகைக்கு முன்பே தனேஷ் பரமேஸ்வரன் வீட்டுக்குப் போனான். நடந்ததைச் சொன்னான். கூட்டத்தில் யாரோ எடுத்த காணொளியும் காட்டினான். பரமேஸ்வரன் பொறுமையாகப் பார்த்தார்.

"அந்த ஆளு பொய்க்காரன். ஒத்துக்குறேன்" என்றார். "ஆனா கேட்டை விஷயம் கேட்டை விஷயம்தானேடா. அது அவன் சொன்னதா? காலங்காலமா சொல்றது. நீ கொடியே புடி."

பொய்யனைப் பிடித்துக் கொடுத்தாலும் பொய்யை விட மனம் வராது நம்மவர்களுக்கு. தனேஷ் சுற்றிப் பார்த்தான். பூஜை அலமாரியில், கிழக்கு பார்த்து, பூ வைத்து, ஒரு கறுப்பு ஹெட்போன்.

"உங்களோடதாண்ணே?"

"ரோகிணி. தொடாதடா. இன்னும் நாப்பது நாள் இருக்கு."

"இதுல நம்ம பதிவக் கேட்டீங்களா?"

"சாமிதான் கேட்டாரு. நான் அவரு மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

தாளத்தைக் கண்டுபிடிக்க நானூற்று எண்பது வெள்ளிக்கு ஹெட்போன் வாங்கியவர், அதற்குத் தினமும் ஊதுபத்தி காட்டினார். காதில் போட்டுப் பார்க்கவில்லை.

தனேஷ் பூவை எடுத்துவிட்டு ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, அவர் கைப்பேசியில் இருந்த ஒத்திகைப் பதிவைத் தட்டினான். பரமேஸ்வரன் தடுக்கக் கையைத் தூக்கினார். அதற்குள் மேளம் ஆரம்பித்துவிட்டது. தூக்கிய கை அப்படியே நின்றது.

"அண்ணே, ஆளு யாருன்னு சொல்லவேணாம். மூணாவது சுத்துல எந்த வாத்தியம் பின்னால வருதுன்னு மட்டும் சொல்லுங்க. ஒன்னொன்னா புடிச்சிக்கிட்டுக் கேளுங்க."

பரமேஸ்வரன் கண்ணை மூடினார். "உறுமி..." என்றார். விரலால் தொடையில் தட்டிக்கொண்டே வந்தார். "உறுமி சரியா வருது. கோடு போட்ட மாதிரி." மறுபடி போடச் சொன்னார். "பம்பை சரி. ஜால்ரா சரி." மூன்றாம் முறை போடச் சொன்னார். நான்காம் முறை அவரே போட்டுக்கொண்டார்.

தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"தவிலு" என்றார்.

சிங்கநாதம் குழுவில் தவில் ஒன்றுதான்.

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வலது மணிக்கட்டை இடக்கையால் பிடித்து நீவினார்.

"ரெண்டு மாசமா வலிக்குது. லோரி ஸ்டேரிங் புடிச்சிப் புடிச்சி. மூணாவது சுத்து வந்தாலே கை தூக்க மாட்டேங்குது. போட்டி முடியட்டும்னு யார்கிட்டயும் சொல்லல."

"கிளினிக் போனீங்களா?"

"சாமிகிட்டதான் போனேன்."

தனேஷ் சிரிக்கவில்லை. சிரிப்பதற்குப் பத்து வருட மரியாதை இடம் கொடுக்கவில்லை.

"நாளைக்குக் காலைல போலாம்ணே. நான் கூட்டிட்டுப் போறேன்."

"ம்." பரமேஸ்வரன் எழுந்து, மூலையில் உறையோடு சாய்த்து வைத்திருந்த உறுமியை எடுத்து அவனிடம் நீட்டினார். "மூணாவது சுத்துல கொஞ்சம் சத்தமா வாசி. என்னை இழுத்துக்கிட்டுப் போ."

"கொடி யாருண்ணே புடிக்கிறது?"

"ஏதாச்சும் ஒரு ரோகிணி புடிக்கும். நீ போடா."

சனிக்கிழமை சிங்கநாதத்துக்கு மறுபடியும் இரண்டாம் இடம்தான் கிடைத்தது. மணிக்கட்டில் கட்டோடு வாசித்தவருக்கு அது பெரிய காரியம். பிரிக்பீல்ட்ஸில் அந்த மேல்மாடியில் இப்போது வேறொருவர் வந்திருக்கிறார். கைப்பேசித் திரையைப் பார்த்து முற்பிறவி சொல்கிறாராம். படிக்கட்டில் வரிசை நிற்கிறது. எண் நாற்பது வரை போய்விட்டதாகக் கேள்வி. பழைய வரிசையில் நின்ற முகங்கள் பல அதிலும் இருக்கின்றன.

அவர்களுக்கு ஒரு தகவல். ஹெட்போனை மாட்டும்போது அதன் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு பொருள் வருகிறது. பிறக்கும்போதே எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கப்பட்டது. எந்த நட்சத்திரத்துக்கும் வேலை செய்யும். மண்டல விரதம் வேண்டாம், கிழக்கு பார்த்து வைக்கவும் வேண்டாம். பெட்டியைப் பிரித்துப் பயன்படுத்தினால் போதும்.